எந்தச் சோசலிசம்? 1976-இலிருந்து ஒரு பார்வை

1976-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் கியூபா புதிய அரசியல் சாசனம் வகுத்து, தன்னைச் சோசலிச அரசு என்று எழுத்தில் பதிந்துகொண்டது. ஏப்ரலில் போர்ச்சுகலின் புதிய அரசியல் சாசனம், சோசலிச சமுதாயத்துக்கு வழி திறப்பதை நாட்டின் நோக்கமாக முகவுரையில் எழுதியது. ஜூனில் ஸ்வீடனின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளர் நிதியங்களுக்கு மாற்றும் திட்டம் ஒன்றை ஏற்றது. ஜூலை 2 அன்று ஒன்றுபட்ட வியட்நாம் ‘சோசலிசக் குடியரசு’ ஆனது. நவம்பரில், நெருக்கடி நிலையின் நடுவே, இந்திய நாடாளுமன்றம் அரசியல் சாசன முகவுரையில் ‘சோசலிச’ என்ற சொல்லைச் சேர்த்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் ஆளுங்கட்சி, உலக சோசலிசக் கட்சிகளின் கூட்டமைப்பான சோசலிஸ்ட் இன்டர்நேஷனலிலிருந்து வெளியேறியது. வெளியேறும்போதுகூட, சோசலிசத்தைச் செய்து காட்டியவர்கள் நாங்கள்தான் என்று வாதாடிவிட்டுத்தான் போனது.

சொல் ஒன்றுதான். ஆனால் இந்த ஆறு இடங்களிலும் நடந்தவை ஒன்றோடொன்று ஒட்டாத காரியங்கள். சோசலிசம் ஜெயித்ததா தோற்றதா என்ற வாக்குவாதம் ஏன் எப்போதும் முடியாமல் இழுக்கிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. எந்த நாட்டைக் கணக்கில் சேர்ப்பது, எதை விட்டுவிடுவது என்பதை வரையறை முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நடக்கும் வாதம் பெரும்பாலும் சம்பிரதாயம்.

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஆலையும் நிலமும் வங்கியும் யாருக்குச் சொந்தம்? எதை எவ்வளவு உற்பத்தி செய்வது, என்ன விலை வைப்பது என்பதைத் திட்டக்குழு சொல்கிறதா, சந்தை சொல்கிறதா? உண்டான செல்வம் வரி, ஓய்வூதியம், மருத்துவம் வழியாக எப்படிப் பங்கிடப்படுகிறது? நான்காவது கொஞ்சம் வேறு வகை. இந்த ஏற்பாடுகள் எதையும் குறிப்பிடாமல், சமத்துவம், சுரண்டலின்மை, ஒருவருக்கொருவர் கைகொடுத்தல் என்ற விழுமியத்தை மட்டும் சோசலிசம் என்று சொல்பவர்களும் உண்டு. கியூபாவின் சாசனம் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது. ஸ்வீடன் மூன்றாவதில் ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தது. 1976-இல் முதல் கேள்வியைத் தொட்டுப் பார்த்தது. இந்திய முகவுரை நான்காவதோடு நின்றுகொண்டது.

சிங்கப்பூரை வைத்து இந்தக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். மக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். டெமாசெக் என்ற அரசு முதலீட்டு நிறுவனம் விமான சேவை, வங்கி, தொலைத்தொடர்பு என்று முக்கியமான நிறுவனங்களில் பெரும் பங்குதாரர். உடைமையை மட்டும் அளவுகோலாக வைத்தால், பல ஐரோப்பிய நாடுகளை விட சிங்கப்பூர்தான் சோசலிசத்துக்கு நெருக்கம். ஆனால் பொருளாதாரச் சுதந்திரத்தை அளக்கும் பட்டியல்களில் ஆண்டுதோறும் உச்சியில் இருப்பதும் அதே சிங்கப்பூர்தான். அந்தப் பட்டியல்கள் வரி எவ்வளவு, தொழில் தொடங்குவது எவ்வளவு எளிது, வணிகம் எவ்வளவு தடையின்றி நடக்கிறது என்பதற்கே அதிக எடை போடுகின்றன.

அப்படியானால் சோசலிஸ்ட் இன்டர்நேஷனலில் சிங்கப்பூரின் ஆளுங்கட்சிக்கு எதிராகக் கொடி பிடித்தது ஏன்? டச்சுத் தொழிலாளர் கட்சி அவர்களை நீக்கச் சொன்னபோது நில உடைமையைப் பற்றியோ வரியைப் பற்றியோ பேசவில்லை. அரசியல் எதிரிகளை விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருப்பதைத்தான் குற்றச்சாட்டாக வைத்தது. 1951-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அந்த அமைப்பு வெளியிட்ட கொள்கைப் பிரகடனம், சுதந்திரம் இல்லாமல் சோசலிசம் இல்லை என்று சொல்லியிருந்தது. ஆக, அவர்களுடைய வரையறையில் ஜனநாயகம் ஓர் அலங்காரம் அல்ல, உறுப்பு. சிங்கப்பூர் தலைவர்களின் வரையறையில் அது இல்லை. வீடும் வேலையும் பள்ளியும் கொடுத்தோமா இல்லையா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. இரு தரப்பும் உண்மையைத்தான் பேசின. ஆனால் ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழவே இல்லை.

இந்தக் குழப்பம் இருபதாம் நூற்றாண்டில் முளைத்தது என்று நினைக்க வேண்டாம். 1848-இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் மூன்றாம் பகுதி முழுக்க, அன்றைக்குப் புழக்கத்திலிருந்த மற்ற சோசலிசங்களை வரிசையாக நிறுத்தித் திட்டுவதற்கே செலவாகிறது. பிரபுக்களின் சோசலிசம், குட்டி முதலாளிகளின் சோசலிசம், முதலாளிகளின் சோசலிசம் என்று பட்டியல் நீள்கிறது. அதை ஏன் ‘சோசலிஸ்ட் அறிக்கை’ என்று அழைக்கவில்லை என்பதற்கு எங்கெல்ஸ் 1888 முன்னுரையில் காரணம் சொன்னார்: 1847-இல் சோசலிசம் நடுத்தர வர்க்கத்தாரின் இயக்கம், ஐரோப்பாவில் கௌரவமான சங்கதி, தொழிலாளர்களின் இயக்கம் கம்யூனிசம் என்ற பெயரில்தான் இருந்தது.

அடுத்து வந்தார் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க். 1878-இல் சோசலிஸ்டுகளுக்கு எதிரான சட்டம் கொண்டுவந்து அவர்களுடைய சங்கங்களையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்தார். அந்தத் தடை 1890 வரை நீடித்தது. அதே கையோடு 1883-இல் மருத்துவக் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதியோர் ஓய்வூதியம் என்று கொண்டுவந்தார். தொழிலாளர்களைச் சோசலிஸ்டுகளிடமிருந்து பிரித்தெடுப்பதே நோக்கம். ஆனால் அந்த நோக்கத்துக்குக் கொண்டுவந்த திட்டங்களுக்கே ‘அரசு சோசலிசம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரயில்வேயை அரசு வாங்கியபோதும் அப்படியே.

எங்கெல்ஸுக்கு இது தாங்கவில்லை. அரசு புகையிலைத் தொழிலை எடுத்துக்கொள்வது சோசலிசம் என்றால், நெப்போலியனையும் ஆஸ்திரியாவின் பழமைவாத அமைச்சர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் ஸ்தாபகர்கள் என்று சொல்ல வேண்டியதுதான் என்று கிண்டலடித்தார். அரச பீங்கான் ஆலையும், படைப்பிரிவின் தையல்காரரும்கூட அந்தக் கணக்கில் சோசலிச நிறுவனங்கள் ஆகிவிடுவார்கள் என்றார். கிண்டலுக்குள் ஒரு கறாரான கேள்வி இருக்கிறது: அரசுக்குச் சொந்தம் என்பதும் மக்களுக்குச் சொந்தம் என்பதும் ஒன்றா? அந்த அரசு யாருடையது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ‘அரசு தலையிட்டால் சோசலிசம்’ என்று எடுத்துக்கொள்பவர்கள் இன்றைக்கு வலதுசாரியிலும் இருக்கிறார்கள், இடதுசாரியிலும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் முன்னோடி பிஸ்மார்க்தான் என்று சொன்னால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள்.

திரும்பவும் 1976-க்கு வருவோம். அந்த ஆண்டில்தான் பொருளியலாளர் ஹயெக், 1944-இல் தான் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் மறுபதிப்புக்குப் புதிய முன்னுரை எழுதினார். சோசலிசத்தின் பரம எதிரி அவர். அந்த முன்னுரையில் ஒரு விஷயத்தை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்: நான் அந்த நூலை எழுதியபோது சோசலிசம் என்றால் உற்பத்திச் சாதனங்களை நாட்டுடைமையாக்குவது, அதற்குத் தேவையான மையத் திட்டமிடல், அவ்வளவுதான், இப்போதோ வரிவிதிப்பு மூலமும் நலத்திட்டங்கள் மூலமும் வருமானத்தை மறுபங்கீடு செய்வதே சோசலிசம் என்று ஆகிவிட்டது. இந்த இரண்டாவது வகையில் தீய விளைவுகள் மெதுவாக, மறைமுகமாக, அரைகுறையாகத்தான் வரும். ஆனால் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஏறத்தாழ அதேதான் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

ஹயெக் இதை மறைக்காமல் சொன்னார் என்பதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் அந்த ஒரு பத்தி எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று பார்க்க வேண்டும். விலைகளை ஒரு குழு நிர்ணயித்தால் எது பற்றாக்குறை, எது மிகை என்ற தகவல் கிடைக்காமல் போகும், முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில் குவியும் என்பதுதான் திட்டமிடலுக்கு எதிராக அவர் கட்டிய வாதம். வலுவான வாதம், சோவியத் அனுபவம் அதற்குச் சாட்சி சொன்னது. ஓய்வூதியத்துக்கு வரி வசூலிப்பதில் இந்தச் சிக்கல் ஏதும் இல்லை, ஏனென்றால் விலைகளைச் சந்தையே தீர்மானிக்கிறது. அதற்கு எதிராக வேறு வாதங்கள் வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் முதல் வகைக்கு எதிரான சான்றை இரண்டாம் வகைக்கு எதிராக அப்படியே எடுத்துப்போக முடியாது. அதை எடுத்துப்போகும் வண்டிதான் ‘சோசலிசம்’ என்ற சொல். எதிர்த்திசையிலும் இதே வண்டி ஓடுகிறது: டென்மார்க்கின் மருத்துவமனையைக் காட்டி, தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கும் யோசனைக்கு ஆதரவு திரட்டுவது.

அமெரிக்காவில் இந்த வண்டிக்கு ஓய்வே கிடையாது. 1952 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பேசிய அதிபர் ட்ரூமன், கடந்த 20 ஆண்டுகளில் மக்கள் கண்ட ஒவ்வொரு முன்னேற்றத்தின் மீதும் எதிரிகள் வீசிய பூச்சாண்டிச் சொல் சோசலிசம் என்றார். பொதுத்துறை மின்சாரம், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், விவசாய விலை ஆதரவு, வங்கி வைப்புக் காப்பீடு எல்லாவற்றையும் அப்படித்தான் அழைத்தார்கள் என்று அடுக்கினார். 1961-இல், அப்போது நடிகராக இருந்த ரீகன், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து ஓர் ஒலித்தட்டில் பேசினார். அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் ஏற்பாடு அது. மருத்துவர்களின் மனைவிமார் காபி விருந்து வைத்து அக்கம்பக்கத்தாருக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். மருத்துவத்தின் வழியாகச் சோசலிசம் நுழைந்துவிடும் என்பது பேச்சின் சாரம். 1965-இல் அந்தக் காப்பீடு மெடிகேர் என்ற பெயரில் வந்தது. இன்று அதில் கைவைக்கிறேன் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வராது.

எல்லாவற்றையும் சோசலிசம் என்று அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஜனங்கள் நம்பிவிடுவார்கள். பென்ஷனும் மருத்துவமும்தான் சோசலிசம் என்றால் சோசலிசம் அப்படி ஒன்றும் மோசமில்லையே என்ற முடிவுக்கு வருவார்கள். கேலப் நிறுவனம் 1949-இலும் 2018-இலும் அமெரிக்கர்களிடம், சோசலிசம் என்றால் நீங்கள் என்ன புரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டது. அரசுடைமை, அரசுக் கட்டுப்பாடு என்று சொன்னவர்கள் 34 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக, சரிபாதியாகக் குறைந்தார்கள். சமத்துவம் என்று சொன்னவர்கள் 12-இலிருந்து 23 ஆனார்கள். 2018-இல் 6 சதவீதம் பேர், மற்றவர்களோடு கலகலப்பாகப் பேசிப் பழகுவது, சமூக ஊடகம் என்றெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் ‘அமெரிக்க இளைஞர்களில் இத்தனை சதவீதம் பேர் சோசலிசத்தை ஆதரிக்கிறார்கள்’ என்ற தலைப்புச் செய்தியை அடுத்த முறை படிக்கும்போது இந்த 6 சதவீதத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2015-இல் இந்த நாடகத்தின் மிகச் சுவையான காட்சி நடந்தது. அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியிருந்த பெர்னி சாண்டர்ஸ், தன்னை ஜனநாயக சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு டென்மார்க்கை உதாரணமாகக் காட்டினார். சில வாரங்களில் ஹார்வர்டில் பேச வந்த டென்மார்க் பிரதமர் லார்ஸ் லூக்கே ராஸ்முஸன், ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன் என்று ஆரம்பித்து, டென்மார்க் சோசலிசத் திட்டமிட்ட பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம் என்று மறுத்தார். நவம்பரில் சாண்டர்ஸ் தன் சோசலிசம் என்ன என்று விளக்கினார்: தெருமுனை மளிகைக்கடையை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றோ, உற்பத்திச் சாதனங்களை அரசு வைத்திருக்க வேண்டும் என்றோ நான் நினைக்கவில்லை. இருவரும் டென்மார்க்கைப் பற்றிச் சொன்ன விவரங்களில் பெரிய முரண்பாடே இல்லை. பிரதமர் திட்டமா சந்தையா என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னார், வேட்பாளர் பங்கீடு பற்றிய மூன்றாவது கேள்விக்கு. டென்மார்க்கின் சமூக ஜனநாயகவாதிகள் யாராவது அந்த அரங்கில் எழுந்து, எங்கள் நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டமே கிடையாது, தொழிற்சங்கம் பேசித்தான் முடிவு செய்கிறது என்று சொல்லியிருந்தால் இரு தரப்பு ஆதரவாளர்களும் திகைத்திருப்பார்கள்.

இவை எல்லாம் சும்மா சொற்சண்டை, வரையறையை ஒழுங்காக வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்வீடனில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஸ்வீடன் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாக ஒரு கூலிக் கொள்கையைப் பின்பற்றின. ஒரே வேலைக்கு ஒரே கூலி. நிறுவனம் கொழுத்த லாபம் பார்த்தாலும் நொடித்துப்போனாலும் வித்தியாசமில்லை. தொழிலாளர்களுக்கிடையே சமத்துவம் வந்தது, நொண்டும் நிறுவனங்கள் மூடப்பட்டுத் திறமையானவை வளர்ந்தன. ஆனால் ஒரு பக்கவிளைவு இருந்தது. நன்றாக ஓடும் நிறுவனத்தில் தொழிலாளி கேட்டு வாங்கியிருக்கக்கூடிய கூடுதல் கூலி, கேட்காமல் விடப்பட்டு, முதலாளியின் லாபத்தில் போய்ச் சேர்ந்தது. சமத்துவத்துக்காகச் செய்த தியாகம் செல்வக் குவிப்பில் முடிந்தது. இதைச் சரிசெய்யத்தான் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொருளியலாளர் ருடால்ஃப் மெய்ட்னர் ஒரு வழி சொன்னார். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் லாபத்தில் 20 சதவீதத்துக்குச் சமமான புதிய பங்குகளை வெளியிட்டு, தொழிற்சங்கங்கள் நடத்தும் நிதியங்களிடம் கொடுக்க வேண்டும். பணம் நிறுவனத்தை விட்டு வெளியே போகாது. ஆனால் சில பத்தாண்டுகளில் பெரும்பான்மைப் பங்கும், அதோடு நிர்வாகமும் தொழிலாளர் கைக்கு வந்துவிடும்.

அதுவரை ஸ்வீடன் முதலாளிகள் உயர்ந்த வரியையும் பெரிய நல அரசையும் முணுமுணுப்போடு சகித்துக்கொண்டார்கள். 44 ஆண்டுகளாக ஏறத்தாழ இடைவெளியே இல்லாமல் சமூக ஜனநாயகக் கட்சிதான் ஆண்டது. இந்தத் திட்டம் வந்ததும் நிலைமை மாறியது. 1976 செப்டம்பர் தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. அணுமின்சாரமும் வரியும்கூடக் காரணங்கள்தான், ஆனால் நிதியத் திட்டமும் முக்கியமான விவகாரமாக இருந்தது. 1983 அக்டோபர் 4 அன்று தொழிலதிபர்களும் சிறுதொழில் செய்பவர்களுமாகப் பல்லாயிரம் பேர் ஸ்டாக்ஹோமில் ஊர்வலம் போனார்கள். முதலாளிகள் தெருவில் இறங்கிப் போராடுவது எங்கேயும் அபூர்வம். அந்த டிசம்பரில் நீர்த்துப்போன வடிவத்தில் சட்டம் நிறைவேறியபோது, சமூக ஜனநாயகக் கட்சியின் நிதியமைச்சர் ஷெல்-ஊலோஃப் ஃபெல்ட் நாடாளுமன்றத்தில் தன் இருக்கையில் அமர்ந்து ஒரு காகிதத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் அதைப் படமெடுத்துவிட்டார். கெட்ட வார்த்தையோடு கூடிய ஒரு பாட்டு அது: இந்த நிதியங்கள் சுத்தக் குப்பை, ஆனாலும் இதுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று அர்த்தம். 1990களின் தொடக்கத்தில் வந்த வலதுசாரி அரசு நிதியங்களைக் கலைத்தது.

வரி எவ்வளவு என்று பேசும்வரை சமரசம் சாத்தியமாக இருந்தது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்ததும் அது முறிந்தது. பங்கீட்டைச் சோசலிசம் என்று அழைப்பவர்களுக்கும் உடைமையைச் சோசலிசம் என்று அழைப்பவர்களுக்கும் இடையே உள்ள தூரம் அகராதியில் இருக்கும் தூரம் அல்ல. ஆகவே என் சாய்வு பழைய, கறாரான வரையறைப் பக்கம்தான்: உடைமையையும் அதனால் வரும் அதிகாரத்தையும் தொடாத ஒன்றுக்கு நல அரசு என்ற நல்ல பெயர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆதரவாளர்கள் உண்டு, எதிர்ப்பாளர்கள் உண்டு. தாராளமாகச் சண்டை போடட்டும்.

பிரிட்டனின் தொழிற்கட்சி இந்தச் சாய்வுக்கு நேர் எதிரான ஒரு காரியத்தைச் செய்தது. 1918-இல் ஏற்கப்பட்ட அக்கட்சி விதிகளின் நான்காம் பிரிவு, உற்பத்திச் சாதனங்களைப் பொது உடைமையாக்குவதை நோக்கமாக அறிவித்தது. உறுப்பினர் அட்டையில் அந்த வாசகத்தை அச்சிட்டே கொடுத்தார்கள். 1959 தேர்தல் தோல்விக்குப் பின் கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் அதை மாற்றப் பார்த்துத் தோற்றார். 1995 ஏப்ரலில் டோனி பிளேர் மாற்றிக் காட்டினார். இதில் விசேஷம் என்னவென்றால், பழைய வாசகத்தில் ‘சோசலிசம்’ என்ற சொல்லே கிடையாது. பொது உடைமையை நீக்கி, சந்தையையும் போட்டியையும் புகழ்ந்த பிளேரின் புதிய வாசகம்தான் ‘தொழிற்கட்சி ஒரு ஜனநாயக சோசலிசக் கட்சி’ என்று தொடங்குகிறது. பொருள் போனதும் சொல் வந்தது. 2024-இல் அதே கட்சியின் அரசு பயணிகள் ரயில் சேவைகளைப் பொது உடைமைக்குக் கொண்டுவரும் சட்டத்தை நிறைவேற்றியபோது, சோசலிசம் என்ற பேச்சை எடுக்காமல், ரயில் நேரத்துக்கு வருமா என்ற பேச்சோடு காரியத்தை முடித்தது.

சோவியத் ஒன்றியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அந்தச் சண்டையின் இரு பக்க வசனங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். ‘அது நிஜமான சோசலிசமே அல்ல’ என்பது தப்பித்துக்கொள்ளும் வாதம் என்று எதிரிகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தோற்ற பிறகு அப்படிச் சொன்னால் தப்பித்தல்தான். ஆனால் 1918-இலேயே மார்க்சியவாதிகளான காவுட்ஸ்கியும் ரோசா லக்சம்பர்க்கும், ஜனநாயகத்தைத் துறந்தால் இது எங்கே போய் முடியும் என்று எழுதினார்கள். அவர்கள் பிழைக்கத் தெரிந்த பிற்கால விமர்சகர்கள் அல்லர். அளவுகோலை முன்கூட்டியே சொன்னவர்கள். 1936-இல் சோசலிசம் அடிப்படையில் வந்துவிட்டது என்று ஸ்டாலின் அறிவித்தபோது, மாஸ்கோவும் அதை நம்ப வைக்க விரும்பியது, பனிப்போர்க் காலத்தில் வாஷிங்டனும் அதை நம்ப வைக்க விரும்பியது. ஒருவருக்குப் பெருமை, மற்றவருக்குப் பூச்சாண்டி. இரண்டு வல்லரசுகள் ஒரு வரையறையில் ஒத்துப்போனால் அதை எதிர்த்து யார் பேச முடியும்?

ஹிட்லரின் கட்சிப் பெயரில் ‘சோசலிச’ இருந்ததை வைத்து நாஜிகள் இடதுசாரிகள் என்று கிளம்புபவர்கள் 2025-இலும் இருக்கிறார்கள். 1933 மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றி, அடுத்த மாதம் சமூக ஜனநாயகக் கட்சியைத் தடை செய்து, பின்பு வங்கிப் பங்குகளைத் தனியாருக்கு விற்ற ஆட்சி அது. இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

இந்தியாவில் இந்தச் சொல் சட்டத்துக்குள் நுழைந்ததால் கதை வேறு மாதிரி போனது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா சோசலிசத்தை அரசியல் சாசனத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் எதிர்த்தார். சமுதாயத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்ய வேண்டும், சாசனத்தில் கட்டிப்போடக் கூடாது என்றார்; வழிகாட்டு நெறிகளிலேயே அந்தச் சாரம் இருக்கிறது என்றும் சொன்னார். 1976-இல் 42-ஆவது திருத்தம் சொல்லைச் சேர்த்தது, வரையறையைச் சேர்க்கவில்லை. 1978-இல் ஜனதா அரசு ‘சோசலிச’ என்றால் சமூக, அரசியல், பொருளாதாரச் சுரண்டல்கள் அனைத்திலிருந்தும் விடுபட்டது என்று வரையறுக்கப் பார்த்தது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை நிராகரித்தது. 1989 முதல், ஓர் அரசியல் கட்சி தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டுமானால் சோசலிசக் கொள்கைக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். தனியார்மயத்தைத் தேர்தல் வாக்குறுதியாக வைக்கும் கட்சிக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இருபது நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர், தனியார் சொத்து அனைத்தையும் சமூகத்தின் வளங்களாகக் கொள்ள முடியாது என்றார்கள். அதாவது உடைமை அர்த்தத்துக்கு வேலி போட்டார்கள். நவம்பர் 25 அன்று, முகவுரையிலிருந்து ‘சோசலிச’ என்ற சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியச் சூழலில் அந்தச் சொல் நல அரசையும் சம வாய்ப்பையும்தான் குறிக்கிறது, எந்தப் பொருளாதாரக் கொள்கையையும் திணிக்கவில்லை, தனியார் துறை செழிக்கத் தடையாக இருந்ததும் இல்லை என்று விளக்கியது. சொல்லைக் காப்பாற்றியது அதன் தெளிவின்மைதான். போர்ச்சுகலிலும் இதே கதை: நாட்டுடைமையாக்கியவற்றைத் திரும்பத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பிரிவு 1989-இல் நீக்கப்பட்டது, ‘சோசலிச சமுதாயத்துக்கு வழி’ என்ற முகவுரை வாசகம் இன்றும் இருக்கிறது. சீனா 1992-இல் ‘சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்’ என்று பெயர் சூட்டியதும், இலங்கை 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு 1978-இல் ‘ஜனநாயக சோசலிசக் குடியரசு’ ஆனதும் இதே வரிசை.

கறாரான வரையறைப் பக்கம் சாய்கிறேன் என்றேன். அந்தப் பக்கமும் தரை அத்தனை கெட்டியாக இல்லை என்பதைக் காட்டியவர் பீட்டர் டிரக்கர், அவரும் 1976-இல்தான். மேலாண்மை அறிஞரான அவர் அந்த ஆண்டு எழுதினார்: உற்பத்திச் சாதனங்கள் தொழிலாளர்களுக்குச் சொந்தமாக இருப்பதே சோசலிசம் என்றால், அமெரிக்காதான் உலகின் முதல் உண்மையான சோசலிச நாடு. ஓய்வூதிய நிதிகள் மூலம் அமெரிக்க நிறுவனங்களின் பங்கு மூலதனத்தில் குறைந்தது 25 சதவீதம் ஊழியர்களுக்குச் சொந்தம் என்பது அவர் கணக்கு. யாரும் அவரை நம்பிச் செங்கொடி ஏற்றவில்லை. பத்திரம் ஊழியர் பெயரில் இருந்தது. பங்குதாரர் கூட்டத்தில் கை தூக்கியது நிதி மேலாளர்.

நார்வேயின் எண்ணெய் வருமான நிதியம் இன்று உலகின் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் பங்குகளிலும் ஏறத்தாழ 1.5 சதவீதத்தை வைத்திருக்கிறது. ஓர் அரசு, தன் மக்களின் பேரில், இவ்வளவு மூலதனத்தைச் சொந்தமாக வைத்திருப்பது மெய்ட்னரின் கனவை விடப் பெரிது. ஆனாலும் எந்த முதலாளியும் இதை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. அந்த நிதியம் ஒரு நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதன் விதி சொல்கிறது.